துணைப்பாடமாகத் திரைப்படம்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாதம்

2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்டு, ஆடை களையப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி அது. இலங்கை அரசு அதனைப் போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதனை ஒப்படைத்தார். ஒருவர் சட்டமருத்துவர், ஒருவர் துப்பாக்கிச் சான்றுகளில் தேர்ந்தவர், மற்றவர் காணொளிப் பகுப்பாய்வாளர். காணொளி உண்மையானதென்றே அவர்களின் அறிக்கைகள் வலுவாகச் சுட்டுவதாக 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். சிறியதொரு படத்துண்டை வாசிக்க மூன்று துறைகள் கூடவேண்டியிருந்தது. பாடத்திட்டம் வகுப்போர் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் திரைப்படமும் வீடியோவும் எந்தப் பீடத்து மாணவரும் தம் முதன்மைப் பாடத்தோடு சேர்த்துக் கற்கக்கூடிய துணைப்பாடமாக அமையவேண்டும் என்பதே என் வாதம். முழுப் பட்டமாக அமைக்கலாமே என்பர் சிலர். அத்தகைய பட்டம் தன் மாணவரை உள்வாங்கிக்கொள்ள ஒரு தொழிற்றுறை இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. நம்மிடம் அது துளிர்த்த காலம் உண்டு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியது. அதே ஆண்டில் ‘குத்துவிளக்கு’, 1977இல் ‘பொன்மணி’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ என்று படங்கள் வந்தன. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சாம்பலாகின. தொழில் என்ற அளவில் ஈழத்துத் தமிழ்ச் சினிமா அந்த அடியிலிருந்து மீளவில்லை. ஆண்டுதோறும் இயக்குநர்களை உருவாக்கி அவர்களைச் சென்னைக்கும் கொழும்புக்கும் அனுப்புவதைப் பல்கலைக்கழகத்தின் இலக்காக நான் கருதவில்லை.

‘பொன்மணி’யை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். அதனை இயக்கிய தர்மசேன பத்திராஜ அப்போது யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளர். சிங்களவரான அவர், காவலூர் இராசதுரையின் எழுத்தில், சாதியும் சீதனமும் ஒரு பெண்ணின் வாழ்வை நெரிப்பதைப் படமாக்கினார். பல்கலைக்கழகச் சூழலைச் சேர்ந்தோர் சிலரும் அதில் நடித்தனர். வசூலில் படம் தோற்றது. ஆயினும் யாழ்ப்பாணச் சமூகம் தன்னைத் தானே உற்றுநோக்கிய மிகச்சில படங்களுள் ஒன்றாக அது இன்றும் நிற்கிறது. மொழியும் சமூகமும் விவாதிக்கப்பட்ட வளாகத்தின் சூழலிலிருந்து, கற்பித்துக்கொண்டிருந்த ஒருவரின் கையால் அது பிறந்தது என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. ஆய்வின் பக்கமும் இதே நிலைதான். தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடலின் ஊடகமாக ஆராய்ந்து 1981இல் நூல் எழுதிய கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழிலக்கியமும் நாடகவரலாறும் வழியாகத் திரைக்கு வந்தவர். இரு அறிவுகள் உரசிய இடத்திலேயே இங்கு திரைச்சிந்தனை பிறந்திருக்கிறது.

ஊடகக் கற்கைகள் துறை ஏற்கனவே இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. அத்துறையின் கலையகமும் ஆசிரியரும் இன்றி இத்துணைப்பாடத்தைத் தொடங்கவும் இயலாது. ஆனால் அதன் கவனம் இதழியலிலும் தொடர்பாடலிலும் குவிவது இயல்பு. வரலாறு, புவியியல், சட்டம், மருத்துவம் படிக்கும் மாணவர் அங்கே வந்து ஒரு காட்சி எங்கே வெட்டப்பட்டது, கமெரா யார் பக்கம் நின்றது, ஒலி பிறகு சேர்க்கப்பட்டதா என்று கேட்கப் பழகும் வழியையே கோருகிறேன்.

அவர்கள் எதனை வாசிப்பார்கள்? குடாநாட்டின் மிகப் பெரிய அசைபடச் சேமிப்பு வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கிறது. கல்யாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் படம்பிடித்த வீடியோக்காரரே இங்கு பல ஆண்டுகளாக இயங்கும் உண்மையான திரைப்பள்ளி. உதவியாளாகச் சேர்ந்து, வெளிச்சம் பிடித்து, பிறகு கமெராவைத் தொட்டு, கடைசியில் எடிற்றிங் பழகியவர்கள் அவர்கள். வெளிநாட்டு உறவுக்காக எடுக்கப்பட்ட அந்த நாடாக்களில் இன்று இல்லாத வீடுகள், இடம்பெயர்ந்த ஊர்கள், காணாமற்போனவர்களின் முகங்கள் பதிந்துள்ளன. இப்போது செத்தவீடுகூட ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நேரலையாகப் பார்க்கப்படுகிறது. வந்தவர், வராதவர், முன்வரிசையில் இருப்பவர், வாசலோடு நிற்பவர் யாவரும் படச்சட்டத்துள் ஒழுங்கு செய்யப்படுகின்றனர். மானிடவியல் மாணவருக்கு இதைவிடச் செறிந்த தரவு எளிதில் கிடைக்காது.

இதற்குக் காலக்கெடுவும் உண்டு. வி.எச்.எஸ். நாடாவில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதையும், பூஞ்சணமும் பிடிக்கும். கடலும் களப்பும் சூழ்ந்த நிலத்தில் இது விரைவாக நடக்கிறது. வி.சி.ஆர். கருவிகளைக் கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2005 முதல் ஈழத்து அச்சு ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம், ஒரு சமூகம் தன் நூல்களைத் தானே காக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. அசைபடத்துக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும். அதற்கான கைகளை வகுப்பறையே பழக்கவேண்டும்.

விமர்சனப் பயிற்சியும் அவசரமானது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிலிருந்து 2018இல் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ எதிர்ப்புகளால் விலக்கப்பட்டது. இயக்கங்களுக்கிடையிலான வன்முறையைப் பேசும் அப்படத்தோடு முரண்பட எவருக்கும் உரிமை உண்டு. எனக்கும் வினாக்கள் உண்டு. ஆனால் பார்த்து, காட்சி காட்சியாக வாதிட்டு மறுப்பதற்குரிய பொது இடம் நம்மிடம் இருந்திருக்கவேண்டும். அந்த இடத்தைப் பல்கலைக்கழகத்தைவிட வேறு யார் தருவது?

நடைமுறை கடினமன்று. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டு இளமாணிப் பட்டம் 90 கிரடிட். ஒரு கிரடிட் 50 மணிநேரக் கற்றல். ஐந்தில் ஒரு பங்கான 18 கிரடிட்டை, அதாவது 900 மணிநேரத்தை, இத்துணைப்பாடத்துக்கு ஒதுக்கலாம். திரைவரலாறும் படவாசிப்பும் ஒரு பாதி, கமெரா, ஒலி, தொகுப்பு, ஆவணக்காப்பு மறுபாதி. ஊர்களின் வீடியோக்காரரை வருகைதரு பயிற்றுநராக அழைக்கவேண்டும். பட்டம் இல்லை என்பது தடையாகக் கூடாது. இறுதித் தேர்வாகக் குறும்படம் கேட்பது வழக்கம். அதற்குப் பதிலாக, ஒரு குடும்பத்தின் நாடாக்களை அவர்களின் எழுத்துமூல அனுமதியோடு எண்ணிமப்படுத்தி, யார், எங்கே, எப்போது என்ற விவரணத்தை அக்குடும்பத்துடன் உட்கார்ந்து எழுதி ஒப்படைக்கக் கேட்கலாம். எந்தப் பகுதி பொதுவில் வரலாம், எது மூடியிருக்கவேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும். அந்தத் தீர்மானத்தை மதிப்பதும் புள்ளியிடப்படும் திறனாக இருக்கவேண்டும்.