யாருக்கு எந்த வேலை? - சேர்வராயன் மலைத் தோட்டங்களும் பேர் கூப்பிடும் அதிகாரமும்

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்த கதையைச் சொல்பவர்கள், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்னின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குழி வெட்டியது யார், களை பிடுங்கியது யார் என்பது வரலாறாகவில்லை. அதைவிடவும் பேசப்படாமல் கிடப்பது, 'இன்னைக்கு யாருக்கு எந்த வேலை' என்று தீர்மானித்த அதிகாரம்.

வேலைப் பங்கீட்டுக்குக் காப்பிச் செடியே ஒரு கட்டாயத்தை விதிக்கிறது. பழங்கள் ஒரே சமயத்தில் சிவப்பதில்லை. ஒரே செடிக்குப் பலமுறை போகவேண்டும். பறித்த பழம் காத்திருக்காது, புளித்துவிடும். உடனுக்குடன் பல்ப்பருக்குப் போயாகவேண்டும். அறுவடை முடிந்தால் கவாத்து, களை, உரம், நிழல்மரக் கிளை கழிப்பு. ஆகவே காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிப்பது தவிர்க்க முடியாததுதான். ஆனால் பழம் சொல்வது எந்த வேலை முதலில் என்பதை மட்டுமே. யார் செய்வது என்பதைச் சொல்பவர் மேஸ்திரி. 'பொம்பளைங்க பறிப்புக்கு, ஆம்பளைங்க கவாத்துக்கு' என்பது கைத்திறன் குறித்த தீர்ப்பு மாதிரித் தெரியும். ஒரே வேலைக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே கூலி என்றது 1976ஆம் ஆண்டுச் சட்டம். வேலையையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் இடத்தில், 'ஒரே வேலை' என்று எதைக் காட்டுவது?

இன்று கணினியில் காலனி அமைக்கும் விளையாட்டுகள் இருக்கின்றன. 'ரிம்வேர்ல்ட்' அதில் ஒன்று. ஒருபக்கம் ஆள்களின் பெயர், மேலே வேலைகள். கட்டங்களில் 1 முதல் 4 வரை முன்னுரிமை எண் போட்டால் அவரவர் தாமாகவே வேலைக்குப் போவார்கள். தோட்டத்துச் செக்ரோலைத் தெரிந்தவர்களுக்கு இந்த அட்டவணை புதிதல்ல. ஒருவருடைய முன்கதை, சில வேலைகளை அவர் செய்யவே முடியாதபடி ஆக்கிவிடும் என்ற விதியும் அதில் உண்டு. சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

ஆனால் விளையாட்டில் பசித்தவன் வேலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறான். முன்பணம் வாங்கிய கூலியாள் வேலையை விட்டுப் போனால், 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியது. உத்தரவுக்குப் பிறகும் மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். 1925இல்தான் அதை ரத்து செய்யச் சட்டம் வந்தது. தானாக நடப்பதாகத் தோன்றிய ஒழுங்கின் பின்னால் ஜெயில் இருந்தது.

கூலி உயர்வைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கட்டத்தில் எண் போடும் பென்சில் யார் கையில் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. பறிக்கிற பெண் 'எனக்குக் கவாத்துக் கத்துக்குடுங்க' என்று கேட்கும் உரிமையும் கூலிப் பிரச்சினைதான்.