விண்ணப்பத்தைப் படிப்பவர் யார்?

வேலை கேட்டு எழுதுவது பழைய வழக்கம். ஏறத்தாழ 1482இல் லியனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு ஒரு மடல் வரைந்தார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று தம்மால் செய்யக்கூடியவற்றை அடுக்கிவிட்டு, ஓவியம் தீட்டவும் தெரியும் என்பதைக் கடைசியில்தான் குறிப்பிட்டார். ஆட்சியாளர் எதைத் தேடுவார் என்பதை அவர் ஊகித்திருந்தார்.

1973இல் ஸ்டீவ் ஜாப்ஸ் கையால் நிரப்பிய ஒரு பக்க விண்ணப்பம் 2018இல் ஏலத்துக்கு வந்தது. தொலைபேசி என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருக்கிறது. தம் மின்னணுவியல் திறமையைச் சொல்லும் இடத்தில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார். மனிதர் படித்தால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். எழுத்துக்கு எழுத்து சொல்லைத் தேடும் கணிப்பொறி புரிந்துகொள்ளுமா?

இந்தக் கேள்வி இணையத்தோடு வந்தது. 1994இல் தொடங்கிய மான்ஸ்டர் போன்ற வேலைத் தளங்களால், வீட்டிலிருந்தே பல நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. விண்ணப்பங்கள் குவிந்தன, சலித்தெடுக்கும் வேலை கணிப்பொறிக்குப் போயிற்று. நீங்கள் இரண்டு பத்திகளாக அழகுற அமைத்த விண்ணப்பம் அதற்கு எப்படித் தெரியும்? பிடிஎஃப் கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் தாளில் எங்கே நிற்கவேண்டும் என்பதே முதன்மையாகப் பதிவாகிறது; எதை அடுத்து எதைப் படிப்பது என்ற குறிப்பு பல கோப்புகளில் இராது. ஆகவே சில மென்பொருள்கள் இடப்பத்தி வரியோடு வலப்பத்தி வரியை ஒட்டிப் படித்துவிடும். கல்லூரியின் பெயர் தொலைபேசி எண்ணோடு கலந்துபோகும்!

2008இல் கிட்ஹப் தளம் வந்தபின், எழுதிய நிரலையே காட்டும் வழக்கமும் பரவியது. நல்ல மாற்றந்தான், ஆனால் மாலையில் ஓய்வு கிடைப்பவர்களுக்கே அது எளிது.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. அமேசான் நிறுவனம் 2014 முதல், விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இடும் கருவி ஒன்றை உருவாக்கி வந்தது. பத்தாண்டுகளில் வந்த பழைய விண்ணப்பங்களே அதற்குப் பாடநூல். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. விளைவு? ‘பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவர்’ என்பது போன்ற வரியில் ‘பெண்கள்’ என்ற சொல்லைக் கண்டாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைத் திருத்தாமல் ஆயிரம் முறை அளந்தாலும் பிழை குறையாது. இங்கே சுழிப்பிழை பழைய விண்ணப்பங்களிலேயே இருந்தது. பொறியாளர்கள் அந்தச் சொற்களுக்கு மட்டும் திருத்தம் செய்தார்கள். வேறு வழியில் பாகுபாடு நுழையாது என்று உறுதி கூற முடியாததால் திட்டம் கைவிடப்பட்டது. 2018 அக்டோபரில் இச்செய்தி வெளியாயிற்று.

நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் பாகுபாட்டுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அவற்றைப் பயன்படுத்துவதை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும்.