பெற்றோல் குழாய் சொல்லும் வரலாறு

வரலாறு என்றதும் முடியரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. மனிதன் கையாண்ட கருவிகளுக்கும் வரலாறு உண்டு என்பதை நமது பாடநூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை. பழைய மோட்டார்க் கார் ஒன்றைப் புதுப்பிப்பவர், தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் புதிய பெற்றோல் குழாயை எவ்வழியாகக் கொண்டு செல்வது என்று ஆராய வேண்டியிருக்கிறது. மேலோட்டமாக நோக்கினால் இது வெறும் தொழில்நுட்ப வினாவாகும். அக்குழாய் சென்ற வழியைச் சற்று நுணுகி நோக்குவோமாயின், அதிலே ஒரு சமுதாயத்தின் தேவையும் உழைப்பும் இடரும் பதிந்திருப்பதைக் காணலாம்.

1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை போர்ட் தொழிற்சாலை ஒரு கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட ‘மொடல் ரீ’ கார்களை உற்பத்தி செய்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றின் பெற்றோல் தாங்கி முன் இருக்கையின் கீழ் இருந்தது. பம்பி எதுவும் இல்லை. புவியீர்ப்பினாலேயே பெற்றோல் எஞ்சினுக்கு இறங்கிற்று. தாங்கியிலே பெற்றோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், எஞ்சின் தாங்கியிலும் உயர்ந்துவிடும், பெற்றோல் வராது. அந்நிலையில் சாரதிகள் காரைத் திருப்பிப் பின்னோக்கிச் செலுத்தி மேட்டைக் கடந்தனர். பின்னர் பம்பி வந்தது. தாங்கி, எஞ்சினிலிருந்து விலகிக் காரின் பின்புறத்துக்குச் சென்றது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில், பின்புறத் தாங்கியிலிருந்து எஞ்சின் அறைவரை நீண்ட குழாயும், பெற்றோலை இழுத்துத் தர மின்சாரப் பம்பியும் அமைந்தன. குழாய் நீண்டதோடு அதைக் காக்கும் பொறுப்பும் வளர்ந்தது.

அப்பொறுப்பிலிருந்து பிறந்தவையே இன்று கராச்சுகளிலே கைக்கொள்ளப்படும் விதிகள். புகைபோக்கிக் குழாய்க்கு அருகே பெற்றோல் குழாய் செல்லலாகாது. வெப்பத்தினால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினை நிறுத்திவிடும். கசிவு ஏற்படின் தீயும் பற்றும். சட்டகத்தின் கீழே தொங்கவும் கூடாது. வீதியிலிருந்து தெறிக்கும் கல் அதனைச் சிதைக்கும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் றப்பர் வளையம் வேண்டும். குறுகிய இடைவெளிகளிலே அதனைப் பிணித்து வைத்தல் வேண்டும். ஏனெனில் செப்புக் குழாய் இடையறாது அதிர்ந்தால் இறுகி, ஈற்றில் வெடித்துவிடும். உருக்குக் குழாய் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கும். எனவே துருவேறாததும் எளிதில் வளையக்கூடியதுமான செப்பு-நிக்கல் கலப்புக் குழாயை இன்று பலர் விரும்புகின்றனர். இவ்விதிகளுட் சில வரைபட மேசையிலே பிறந்தன. வேறு சில, எரிந்த வண்டிகளையும் சுட்ட கைகளையும் கண்டவர்களின் அனுபவத்திலே பிறந்தன. அவர்களின் பெயர்களை எந்த நூலும் தாங்கி நிற்கவில்லை.

நமது நாட்டில் இவ்வரலாறு வேறொரு திசையிலே வளர்ந்தது. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் விளைவாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னரே அக்கதவு அகலத் திறந்தது. ஆகவே ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள் பிறந்த நாட்டில் வழக்கொழிந்த பின்னரும் இங்கு உழைத்துக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் அவை செல்வரின் பெருமைச் சின்னங்களாக மட்டும் இருக்கவில்லை. வாடகைக் கார்களாக மணமக்களையும் நோயாளரையும் சுமந்தன.

1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டபோது வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பெற்றோலும் ஒன்று. மண்ணெண்ணெயும் அருமையாகவும் பெருவிலைக்குமே கிடைத்தது. அந்த மண்ணெண்ணெயிலே கார்கள் ஓடின! இஃது எவ்வாறு இயன்றது? மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிற் பேணிய சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்னும் தாழ்ந்த அளவில் இருந்தமையால் அவை தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. 10க்கு 1 என்ற அளவையும் கடந்த இக்கால எஞ்சின்கள் அவ்வாறு பொறுக்கமாட்டா. பழமை என்று ஒதுக்கப்பட்டதே தட்டுப்பாட்டுக் காலத்திற் கைகொடுத்தது.

இந்நுட்பம் உலகிற்குப் புதியதன்று. 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் இயக்கப்பட்டுப் பின் மண்ணெண்ணெயில் உழுதது. 1949இல் பெர்கூசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையும் இம்முறையில் அமைந்தது. ஆனால், அங்கே பொறியியலாளரும் கைந்நூலும் உதிரிப் பாகங்களும் இருந்தன. இங்கே தடைக்குள் அகப்பட்ட மெக்கானிக்கு, தன் கையிலிருந்த பொருட்களைக் கொண்டே வழிகண்டான்.

இத்திறனைப் போற்றும் நாம், அதனைத் தேவையாக்கிய கொடுமையை மறைத்துவிடலாகாது. மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது, கரி படிந்தது, வீதிகளிலே புகை மண்டிற்று. அவசரகாலத்தில் நோயாளியை ஏற்றிச் செல்லும் கார் இயங்குமோ இயங்காதோ என்ற ஏக்கம் எத்தனை குடும்பங்களை வாட்டிற்று! மக்கள் வறுமையிலும் வழிகண்டனர் என்று புகழ்ந்துவிட்டு, அவ்வறுமை எவ்வாறு விளைவிக்கப்பட்டது என்று கேளாதிருப்பது வரலாறு ஆகாது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோது தென்னிலங்கை உழைப்பாளியும் இத்துன்பத்தின் ஒரு பகுதியை உணர்ந்தான். ஒருவரின் தட்டுப்பாட்டை மற்றவர் விளங்கிக்கொள்ள அது ஒரு வாய்ப்பாயிற்று.

இன்று அக்கார்கள் புதுப்பிக்கப்படுகின்றன. தொழிற்சாலை வரைபடத்தில் உள்ளவாறே குழாய் செல்ல வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம். பழுதடைந்த குழாயை மாற்றியே தீரவேண்டும். உயிரினும் பெரிதான நினைவுச் சின்னம் எதுவுமில்லை. ஆயினும், இடையிலே ஒருவர் பொருத்திய சிறு குழாயையும் துளைத்த துளையையும் ‘தவறான வேலை’ என்று கருதி, குறிப்பேதுமின்றி அகற்றிவிடுவதை நாம் ஏற்க முடியாது. தொழிற்சாலையில் ஒருநாள் நிகழ்ந்தது மட்டுமே அக்காரின் வரலாறு எனின், அதன்பின் பல்லாண்டு அதனை உயிரோடு வைத்திருந்தவர்களின் உழைப்பு எங்கே போயிற்று?

ஆகவே, கழற்றுமுன் வரைந்து வைத்தல் வேண்டும். படம் எடுத்தல் வேண்டும். அக்காலத்து மெக்கானிக்குகளை அணுகி, எதனை ஏன் செய்தனர் எனக் கேட்டு எழுதுதல் வேண்டும். இப்பணிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. ஆசிரியரின் தூண்டுதலும் மாணவரின் அப்பியாசக் கொப்பியும் போதும். அந்த மனிதர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்களின் கைகள் அறிந்ததை நாம் இப்பொழுதே எழுதாவிடில், பின்னர் எழுத எவரிடமும் கேட்க முடியாது.