ஓலையும் சூளும்: விழுப்புர வட்டாரத்துச் சான்றுமுறை வரலாற்றில் ஓர் ஆய்வு

வழக்கு என்னும் சொல் தமிழில் இரு பொருள் தாங்கி வருவது. உயர்ந்தோர் நாவிலும் ஊரார் நாவிலும் பயின்று வருவது வழக்கு. மன்றத்தின் முன் இருவர் முரணி நின்று உரைப்பதும் வழக்கே. நெடுங்காலம் நடந்து வந்த முறையே உரிமைக்குச் சான்று என்னும் பழங்கருத்து இவ்விரு பொருளையும் ஒரு சொல்லிற் பிணைத்தது போலும். ஆயின், நடந்து வந்த முறை இதுவெனக் காட்டுதற்கு யாதொன்றும் இல்லாதவிடத்து மன்றம் என் செய்தது? ஓலை உடையவன் ஓலையைக் காட்டுவான். ஓலை இல்லாதவன் எதனைக் காட்டுவான்? இவ்வினாவிற்குரிய விடையைத் தேடுவார்க்கு விழுப்புரத்தைச் சூழ்ந்த நாடு பெரிதும் துணைசெய்கின்றது. திருவெண்ணெய்நல்லூர், திருவாமாத்தூர் என்னும் இரு பாடல் பெற்ற பதிகளைப் பற்றி வழங்கும் இரு வழக்குகளை ஒருங்கு வைத்து நோக்கின், தமிழர் கண்ட சான்றுமுறையின் இரு கூறுகளும் புலனாகும். அவற்றை ஆராய்ந்து, பிற்காலச் சட்ட வரலாற்றோடு இயைத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. திருவெண்ணெய்நல்லூர் அவை

முதலாம் வழக்கு கற்றோர் அனைவரும் அறிந்தது. சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் விரித்துரைப்பது. புத்தூரில் நம்பியாரூரர் திருமணக் கோலத்தில் அமர்ந்திருந்த வேளையில் முதிய வேதியர் ஒருவர் வந்து, ஆரூரர் தமக்கு வழியடிமை எனக் கூறி ஆளோலை ஒன்றைக் காட்டுகின்றார். ஆரூரர் அதனைப் பற்றிக் கிழித்தெறிகின்றார். முதியவர் தம் ஊராகிய திருவெண்ணெய்நல்லூரின் அவையத்தார்பால் முறையிட, வழக்கு அங்கே தொடங்குகின்றது.

இதனைப் பத்தி நோக்கிற் பயின்றோர் பலர். வழக்கியல் நோக்கிற் பயில்வார்க்குப் பின்வரும் படிநிலைகள் தெளிவாகும். முதலாவது, அந்தணர் பிறர்க்கு அடிமையாதல் உலகில் இல்லை என்பது எதிர்வழக்கு. அஃதாவது, முறையீடு வழக்கத்திற்கு மாறானது என்பது. இரண்டாவது, உடன்பட்டு எழுதிய ஓலையைக் கிழித்தெறிந்தமை வெற்றியாகாது என்பது அவையின் கருத்து. மூன்றாவது, அங்ஙனமாயினும் உரிமை கோரியவரே அதனை மெய்ப்பித்தல் வேண்டும் எனப் பணித்து, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுக என அவையத்தார் கூறுகின்றனர். நான்காவது, கிழிக்கப்பட்டது படியோலையே. மூலவோலை தம்பால் உள்ளது என முதியவர் உரைக்கின்றார். ஐந்தாவது, அவ்வோலையை அவர் நேரே ஆரூரர் கையில் கொடுத்திலர். அவையத்தார் காவல் கூறிய பின்னரே வெளிப்படுத்த, கரணத்தான் வாங்கிப் படிக்கின்றான். ஆறாவது, அதன்கண் இடப்பட்டிருந்த சான்றாளர் எழுத்து மெய்யென ஒப்புக்கொள்ளப்படுகின்றது. ஏழாவது, ஆரூரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு, இரண்டன் எழுத்தும் ஒத்து நோக்கப்படுகின்றன. எழுத்து ஒத்தது, ஆரூரர் தோற்றார்.

இந்நிகழ்ச்சிகளின் நிரல் வியத்தற்குரியது. மெய்ப்பிக்கும் பொறுப்பு, மூலமும் படியும் என்னும் பாகுபாடு, ஆவணத்தைக் காத்தல், சான்றெழுத்து, ஒப்புக்கொண்ட எழுத்தோடு ஐயுற்ற எழுத்தை ஒப்பிடல் என்னும் ஐந்தும் ஈண்டு முறைப்பட அமைந்துள்ளன. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் முதனிலைச் சான்றினை 62ஆம் பிரிவிலும், வழிநிலைச் சான்றினை 63ஆம் பிரிவிலும், எழுத்தினை ஒப்பிடுதலை 73ஆம் பிரிவிலும் வகுத்துரைத்தது. அச்சட்டம் நீங்கி 2024 சூலை 1ஆம் நாள் முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறைக்கு வந்த பின்னரும் இக்கோட்பாடுகள் நிலைபெற்றுள்ளன. இதனால் ஆங்கிலர் சட்டம் நம் நூல்களிலிருந்து பிறந்தது எனக் கூறுதல் பொருந்தாது. ஒரே இடர்ப்பாட்டினை எதிர்ப்பட்ட அறிவுடைய அவைகள் ஒத்த முடிபினை அடைந்தன என்பதே கொள்ளத்தக்கது.

சுந்தரர் காலம் கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். சேக்கிழாரோ 12ஆம் நூற்றாண்டினர், இரண்டாம் குலோத்துங்கன் அவையில் அமைச்சராய் விளங்கியவர் என வரலாறு கூறும். ஆகவே, இங்கு நாம் காண்பது 8ஆம் நூற்றாண்டு அவையின் நேர்ப்பதிவு எனத் துணிதல் அரிது. ஆட்சிப் பொறுப்பில் இருந்த புலவர் ஒருவர், தம் காலத்துச் சோழநாட்டு ஊரவைகளின் நடைமுறையைப் புராண நிகழ்ச்சிக்குப் பொருத்தி ஓவியமாக்கினார் எனக் கொள்வதே தகும். வரலாற்றாசிரியனுக்கு இதன் மதிப்பு இதனாற் குறைவதன்று. சோழர் கால நடைமுறைக்குச் சான்றாதலின் மிகுவதேயாம்.

2. மூன்றும் நான்காவதும்

ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் பாகுபாடு வடமொழி அறநூல்களிலும் உண்டு. யாக்ஞவல்கிய மிருதி எழுத்து, துய்ப்பு, சான்றாளர் என மூன்றனைக் கூறுகின்றது. துய்ப்பு என்பது ஆட்சி. எழுத்து என்பது ஆவணம். சான்றாளர் என்பது அயலார் காட்சி. இம்மட்டில் இரண்டும் ஒன்றே. ஆயின், அம்மிருதி அங்கு நின்றிலது. இம்மூன்றனுள் ஒன்றும் இல்லாதவிடத்துத் தெய்வச் சான்று கொள்க என நான்காவது ஒன்றனையும் விதிக்கின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு அந்நான்காவது வேண்டப்படவில்லை, ஓலை இருந்தது. வேண்டப்பட்ட இடம் எது? அதுவே திருவாமாத்தூர்.

இதற்கு முன்னரே சங்கச் சான்றோர் சூளுறவின் இயல்பினை அறிந்திருந்தனர். அகநானூற்றின் 256ஆம் பாட்டு, கள்ளூரில் நிகழ்ந்த செய்தி ஒன்றனைக் குறிக்கின்றது. பெண்ணொருத்தியின் நலன் நுகர்ந்து பின்னர் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான் ஒருவன். அவையத்தார் அறிந்த சான்றாளரை வினவி, அவன் கொடுமையைத் தெளிந்து, அவனைப் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். ஈண்டுச் சூள் வழக்கினை முடிக்கும் கருவியன்று; கரியினால் ஆராயப்படும் கூற்றேயாம். பொய்ச்சூளினைத் தண்டிக்கத் தெய்வத்தை எதிர்நோக்கி அவை வாளா இருந்திலது, தானே ஆராய்ந்தது.

3. திருவாமாத்தூர் வட்டப்பாறை

விழுப்புரத்திற்கு அண்மையில், பம்பையாற்றின் கரையில் விளங்குவது திருவாமாத்தூர். மூவரும் பாடிய பதி. இரட்டைப்புலவர் இவ்வூர்க்குக் கலம்பகம் பாடினர். ஆற்றின் எக்கரையில் கோயில் உள்ளது என்பதில் அவர் பாட்டு பிழைபட்டதென்றும், அரங்கேற்றத்தில் அது தடையாக எழுப்பப்பட, வெள்ளம் பெருகி ஆறே தன் போக்கினை மாற்றிப் பாட்டினை மெய்யாக்கிற்று என்றும் கூறுவர். சொல்லிற்கும் மெய்க்கும் உள்ள உறவு இவ்வூர்க் கதைகளில் எல்லாம் ஊடுருவி நிற்றல் காண்க.

இங்கு அம்மன் கோயிலில் உள்ள வட்டப்பாறை, சூளுறவிற்குப் பெயர்பெற்றது. கொடுக்கல் வாங்கல், பாகப்பிரிவினை, களவு முதலியவற்றில் ஐயம் நேர்ந்தவிடத்து, வழக்காடுவோர் இப்பாறையின்முன் வந்து சூள் உரைத்து வழக்கினை முடித்துக்கொள்ளுதல் இவ்வட்டாரத்து மரபு. இதனோடு ஒட்டிய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. தம்பிக்குரிய பொருளை அண்ணன் கவர்ந்துகொண்டான். தம்பியிடம் ஓலை இல்லை, சான்றாளரும் இலர். வட்டப்பாறையிற் சூள் உரைக்க அண்ணன் இசைந்தான். பொருளைத் தன் கைத்தடிக்குள் மறைத்து வைத்திருந்தவன், சூளுரைக்கும் வேளையில் அத்தடியைத் தம்பியிடம் கொடுத்து, 'பொருள் என்னிடம் இல்லை, அவனிடமே உள்ளது' எனக் கூறினான். சொல் பொய்யன்று, கருத்தோ முழுப்பொய். சூள் முடிந்ததும் தடியை வாங்கிக்கொண்டு சென்றவன், தெய்வத்திற்கு ஆற்றல் இல்லை என வழியில் இகழ்ந்தான் என்றும், விக்கிரவாண்டியை அடுத்த தும்பூரில் நாகம் தீண்டி இறந்தான் என்றும் முடியும் அக்கதை.

கைத்தடிக் கதை உலகின் பிற நாடுகளிலும் வழங்குவது. யூதரின் தால்மூது நூலில் இஃது உள்ளது. அங்கே சினங்கொண்ட கடன் கொடுத்தவன் தடியை ஓங்கி அடிக்க, அஃது ஒடிந்து பொருள் சிதறுகின்றது. செர்வாண்டிசு 1615இல் வெளியிட்ட தான் கிகோத்தே இரண்டாம் பகுதியில், நடுவனாக அமர்ந்த சாஞ்சோ, தடி கைம்மாறியதைக் கூர்ந்து நோக்கி, அதனை உடைப்பித்துப் பொன்னை வெளிப்படுத்துகின்றான். மூன்றனையும் ஒப்பிடின் ஒரு வேறுபாடு புலனாகும். ஓரிடத்தில் தற்செயல் உண்மையை வெளிப்படுத்துகின்றது. ஓரிடத்தில் நடுவன் அறிவு வெளிப்படுத்துகின்றது. திருவாமாத்தூர்க் கதையிலோ, மன்றத்தின்முன் உண்மை வெளிப்படவே இல்லை. குற்றவாளி வென்றே செல்கின்றான். தண்டனை வழியில் காத்திருக்கின்றது. தம்பி பொருளைப் பெற்றானா என்பதைப் பற்றிக் கதை கவலை கொள்ளவில்லை. சூளினைப் போற்றும் இக்கதையே அதன் குறையையும் உள்ளத்துட் கொண்டுள்ளது என்பது எம் துணிபு. சூள் அஞ்சுபவனைக் கட்டுப்படுத்தும். அஞ்சாதவனுக்கு அது கருவியாகும்.

4. சட்டமும் சூளும்

ஆங்கில ஆட்சியில் 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், இந்துக்களும் முசுலிம்களும் நீதிமன்றத்தில் தத்தம் சமயமுறைப்படி சூள் உரைத்தலை நீக்கி, உறுதிமொழியை அதற்கு ஈடாக்கிற்று. ஆயினும் மக்கள் உள்ளத்தினின்று சூள் நீங்கவில்லை. 1873ஆம் ஆண்டின் இந்தியச் சூளுறவுச் சட்டம் அதற்கு மீண்டும் வாயில் திறந்தது. அச்சட்டத்தின் 8 முதல் 12 வரையுள்ள பிரிவுகள் ஈண்டுக் கருதத்தக்கன. வழக்காடும் ஒருவர், எதிரி தம் இனத்தார் பிணிப்புடையதாகக் கருதும் முறையிற் சூள் உரைப்பின் அதற்குத் தாம் கட்டுப்படுவதாகக் கூறலாம். நீதிமன்றம் எதிரியை அங்ஙனம் உரைப்பாரா என வினவலாம். அவர் இசையின், நீதிமன்றத்திற்கு வெளியே சூள் உரைத்தற்கும் ஆணையர் ஒருவரை அமர்த்தலாம். கட்டுப்படுவதாகக் கூறியவர்க்கு எதிராக அக்கூற்று மறுக்கொணாச் சான்றாகும் என்பது 11ஆம் பிரிவு. எதிரி மறுப்பின், மறுப்பும் அதன் காரணமும் குறித்து வைக்கப்படும் என்பது 12ஆம் பிரிவு. நீதிக்கும் நயத்தகு ஒழுக்கத்திற்கும் மாறாகாமலும் மூன்றாமவரைத் தாக்காமலும் சூள் அமைதல் வேண்டும் என்பது வரையறை.

இதனால் கோயிற் பாறை, நீதிமன்றத்தின் நீட்சி ஆயிற்று. மறுக்கொணாச் சான்று என்னும் தொடரைக் கைத்தடிக் கதையோடு வைத்து நோக்குக. அண்ணன் உரைத்த சொல், சட்டப்படி வழக்கினை முடித்துவிடும். தடியை உடைத்துப் பார்க்க நடுவனுக்கு இடமில்லை. அகநானூற்றுக் கள்ளூர் அவை பெற்றிருந்த ஆராயும் உரிமையை 11ஆம் பிரிவு இழந்தது. இதனினும் கூர்மையாக அப்பிரிவின் குறையை எடுத்துரைக்கும் சட்ட உரை வேறொன்று உண்டோ என ஐயுறுகின்றோம்.

சட்ட ஆணையம் தன் 28ஆம் அறிக்கையில் இச்சட்டத்தை ஆராய்ந்தது. அதனை ஒட்டி வந்த 1969ஆம் ஆண்டின் 44ஆம் சட்டம் பழஞ்சட்டத்தை நீக்கிற்று. சிறப்புச் சூள் பற்றிய பிரிவுகள் புதுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. நான்காவது சான்று சட்டநூலினின்று மறைந்தது.

5. ஓலை இல்லாதவன்

சூள் நீங்கியது நன்றே. ஆயினும், சூளினை நாடியவர் யாவர் என்பதை மறத்தல் ஆகாது. ஆவணம் உடையோர் வட்டப்பாறைக்குச் சென்றிலர். வாய்மொழியாக நிலத்தை வாங்கி உழுதவர், எழுத்தறியாமையாற் கடன்சீட்டு இன்றிப் பொருள் கொடுத்தவர், உடன்பிறந்தார் என நம்பிப் பாகத்தைப் பதியாது விட்டவர் ஆகியோர்க்கே அது புகலிடமாயிற்று. அவர்க்கு ஓலையைத் தருவது ஆட்சியின் கடன்.

அக்கடன் ஓரளவு ஆற்றப்பட்டது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரிற் பிறந்த இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதலமைச்சராய் விளங்கிய காலத்தில் (1947-1949), 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் சமீன் ஒழிப்பினைச் செய்து, குடிகள் தம் பெயரில் இரயத்துவாரிப் பட்டா பெற வழிவகுத்தது. 1969ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு 10ஆம் சட்டம், வாய்மொழிக் குத்தகையாளரின் பெயரையும் உரிமைப் பதிவேட்டில் ஏற்ற வகைசெய்தது. சூளினை நீக்கிய சட்டமும், ஓலையில்லா உழவனுக்கு ஓலை வழங்கிய சட்டமும் ஒரே ஆண்டினவாதல் கருதத்தக்கது. இவை தம்முள் கலந்து செய்தன அல்ல எனினும், வரலாற்று நோக்கில் ஒன்றனை ஒன்று நிறைவு செய்கின்றன. ஆட்சியாகிய முதற் சான்றினை ஆவணமாக்கிய செயல் அது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், திருவெண்ணெய்நல்லூர் வழக்கு ஆவணத்தின் ஆற்றலையும், திருவாமாத்தூர் வழக்கு ஆவணம் இல்லாமையின் அவலத்தையும் காட்டுதல் பெறப்படும். ஒன்று புலவர் காப்பியம். மற்றொன்று மக்கள் வாய்மொழி. ஓலையைக் காப்பிலிட்டுப் பேணிய ஊர் நடுநிலை கண்டது. ஓலையின்றிப் பாறைமுன் நின்ற தம்பி தெய்வத்தையே நம்பினான். விழுப்புரம், திண்டிவனம் நீதிமன்றங்களில் இன்று வழக்குரைப்போர் இவ்விரு கதைகளின் வழித்தோன்றல்கள் என்னலாம். தமிழ் பயில்வார் தடுத்தாட்கொண்ட புராணத்தைச் சட்டநூலோடும், சட்டம் பயில்வார் அதனை இலக்கியத்தோடும் இயைத்துக் கற்பின் இருதுறையும் விளக்கமுறும். கோயில்தோறும் வழங்கும் சூளுறவுக் கதைகளைத் திரட்டி, கல்வெட்டுகளிற் காணும் ஊரவைத் தீர்ப்புகளோடு ஒப்பிடும் பணி இனியும் எஞ்சியுள்ளது. அக்கதைகளைச் சொல்லவல்ல முதியோர் நம்மிடை உள்ளபொழுதே அதனை மேற்கொள்ளுதல் ஆய்வு மாணவர்தம் கடனாம்.