ஒரே விகித வரியும் அருப்புக்கோட்டை மகமையும்

ஒரே விகித வரி என்றால் என்ன? வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே சதவீதம், அவ்வளவுதான். 10 சதவீதம் என்றால் 1,000 ரூபாய் சம்பாதிப்பவர் 100 ரூபாய் கட்டுவார், 1 லட்சம் சம்பாதிப்பவர் 10,000 கட்டுவார். எஸ்தோனியா 1994-ல் 26 சதவீதம், ரஷ்யா 2001-ல் 13 சதவீதம் என்று இதைக் கொண்டுவந்தபோது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. (ரஷ்யா 2021-ல் இதைக் கைவிட்டுவிட்டது.)

ஆனால் இதற்கு ஒரு பழைய சொந்தம் அருப்புக்கோட்டைப் பக்கம் உண்டு. அதுதான் மகமை!

19-ம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் சரக்கு ஏற்றி வந்த நாடார் வியாபாரிகள், வண்டிகளை நிறுத்தவும் சரக்கைப் பாதுகாக்கவும் பேட்டைகள் அமைத்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இதில் முக்கியமானவை. பேட்டைச் செலவுக்காக, சரக்கின் அளவைப் பார்த்து ஒரு சிறு தொகை வசூலானது. அரசாங்கம் போட்ட வரி அல்ல, உறவின்முறை தனக்குத்தானே போட்டுக்கொண்டது. வருமான வரியும் அல்ல, கைமாறும் சரக்கின் மேல் விழுந்த வரி. ஆனால் கணக்கு ஒன்றுதான்: மூட்டை கூடினால் மகமையும் அதே விகிதத்தில் கூடும்.

இந்தப் பணம் பிறகு பள்ளிக்கூடமானது. கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், 1889-ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலாவைத் திறந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். அந்தப் பள்ளிக்காக வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் எடுத்து வைத்தார்கள்.

பிடி அரிசியில் ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஒரே அளவு. மகமையில் ஒரே விகிதம். இன்றைய இந்திய வருமான வரியிலோ வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. மூன்றுமே 'சமம்' என்றுதான் சொல்லிக்கொள்கின்றன!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருச்சுழிப் பக்கத்து மானாவாரி சம்சாரிக்கு மழை பெய்தால்தான் பருத்தியும் மிளகாயும். தமிழகச் சந்தைகளில் மகமை என்ற பெயரில் விளைபொருளின் விலையிலேயே கழிவு பிடிக்கும் வழக்கம் இருந்தது. அப்படிப் பிடித்தால் புண்ணியம் வியாபாரிக்கு, பணம் சம்சாரியுடையது! 1933-ன் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இப்படிப்பட்ட கழிவுகளைக் கட்டுப்படுத்த முயன்றது.

விகிதம் ஒன்றாக இருந்தால் கணக்குப் போடுவது சுலபம். ஆனால் அது நியாயமா என்பதற்கு இரண்டு கேள்விகள் பாக்கி: பணம் உண்மையில் யார் மடியிலிருந்து போகிறது? திரும்ப யார் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமாக வருகிறது?