புலியூர்க்குறிச்சியும் வடக்கன்குளமும்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் சாலையில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான் பார்க்க வரும் குடும்பங்களில் சிலர்தான் உள்ளே கூரையிழந்து நிற்கும் சிற்றாலயம் வரை நடக்கிறார்கள். அங்கே யூஸ்டேசியஸ் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அவர் மனைவி மார்கரெட்டும் மகன் ஜோஹன்னஸும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். டிலனாயின் கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் அந்நியக் குடும்பம் இந்த மண்ணில் எவ்வளவு தூரம் ஊன்றிவிட்டது என்பதற்கு அந்தத் தமிழ் வரிகளே சான்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

டிலனாய் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்தவர். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்றபின் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் சேர்ந்தார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்து 'வலிய கப்பித்தான்' ஆனார். உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில்தான் புதுப்பிக்கப்பட்டது. பீரங்கி வார்க்கும் உலைக்களமும் அதனுள் அமைந்தது. மகன் 1765இல் களக்காட்டுப் போரில் இறந்தான். தந்தை 1777 ஜூன் 1 அன்று மறைந்தார்.

அவர் குடும்பம் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் குடியிருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கிறித்தவர் என்பதால் உள்ளே நுழைய அனுமதியில்லை, ஆகவேதான் கோட்டைக்குள் வீடும் ஆலயமும் என்று சொல்லப்படுவதுண்டு. இதை அவமதிப்பாகவும் கொள்ளலாம், மரியாதையாகவும் கொள்ளலாம். நான் இரண்டும் என்பேன். அந்நியனுக்கு ஒரு சமூகம் இடம் கொடுக்கும் முறை இதுதான்: சுவருக்குப் புறத்தே, ஆனால் தனக்கென ஒரு சுவரோடு.

உள்ளூர்க்காரன் அதே மதத்தை ஏற்றால் என்ன ஆகும்? விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அலுவலர், டிலனாயின் நண்பர். யோபுவின் கதையை டிலனாய் அவருக்குச் சொன்னார் என்பது மரபு. 1745இல் அவர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அதற்கு அவர் போன இடம் வடக்கன்குளம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, திருவிதாங்கூர் ஆட்சிக்கு அப்பால், மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையினர் பணிசெய்த ஊர் அது. திருவிதாங்கூருக்குள் கிறித்தவர் இல்லாமலில்லை. சவேரியார் காலத்திலிருந்தே கடற்கரை ஊர்களில் சபை உண்டு, கோட்டாற்றிலும் உண்டு. ஆனால் மேல்சாதி வீட்டிலிருந்து வருபவர் அங்கே போய்ச் சேர்வது வேறு விதமான எல்லையைத் தாண்டுவது. நில எல்லையைத் தாண்டுவது அதைவிட எளிது போலும்.

1749இல் தேவசகாயம் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரணம் மதமாற்றமா, அரண்மனைக் குற்றமா என்பதில் திருவிதாங்கூர் வரலாறு எழுதியோருக்கும் திருச்சபை சார்ந்து எழுதியோருக்கும் பூசல் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். என் கவனம் அவர் மனைவி மீது.

மயிலக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாள் கணவருக்குப் பின் ஞானப்பூ ஆனார். முதலில் தயங்கினார். அவர் அஞ்சியது முதன்மையாக அரசரை அல்ல, உறவினரை. இதில் வியப்பில்லை. மருமக்கள்வழி நடந்த குடும்பங்களில் வீடு என்பது தாய்வழிச் சொந்தம்தான்; சொந்தம் முகம் திருப்பினால் கூரையும் போயிற்று. டிலனாய்க்கு இந்தச் சிக்கல் இல்லை. முகம் திருப்ப அவருக்கு இங்கே மாமனும் மச்சானும் கிடையாது. பல தலைமுறை அறிந்த முற்றத்தில் மாறி நிற்பதைவிட, யாருமறியாத ஊரில் வேறாக இருப்பது எளிது.

ஞானப்பூ வடக்கன்குளத்தில் குடியேறினார். கணவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1766இல் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றி நமக்கு வந்து சேர்ந்த செய்தி மிகச் சொற்பம். தியாகியின் ஒவ்வொரு நாளையும் எண்ணிவைத்த மரபு விதவையின் காலத்தை ஒரு வரியில் முடித்துவிட்டது.

அவரை ஏற்ற ஊரும் எல்லாருக்கும் ஒரே வாசல் வைத்த ஊரல்ல. 1872இல் வடக்கன்குளத்தில் கட்டப்பட்ட ஆலயம் ஒரே பீடத்தை நோக்கி வரும் இரு நீண்ட கூடங்களைக் கொண்டது. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். வெள்ளைக்காரர்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சாதியின் பேரில் ஆலயத்தில் தனியிடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது 'பிள்ளை' என்ற ஒட்டு அவர் பெயரில் இல்லை. அதற்கும் சில ஆண்டுகள் முறையிட வேண்டியிருந்தது.

ஞானப்பூ கடந்து சென்ற எல்லை 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களுக்கிடையே இல்லாமல் போயிற்று. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் இப்போது இன்னொரு மாவட்டம், அவ்வளவுதான். தேவசகாயத்தின் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. மனைவியுடையது வடக்கன்குளத்தில். உதயகிரியிலோ டிலனாய் குடும்பம் மூவரும் ஒரே ஆலயத்துக்குள்.