பட்டுப்புழுவின் புறத்தோல்: புரத உற்பத்தியும் செல் வேறுபாடும்

1. ஆய்வுப் பொருள்

தமிழ்நாட்டில் பட்டுக்கூடு வணிகம் என்றதும் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்று தருமபுரி. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து விவசாயிகள் மல்பெரித் தோட்டத்தை ஒட்டிப் புழு வளர்ப்பு மனை வைத்து, கூடுகளை நகரிலுள்ள அரசு பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே ஏலம் போவது, பிறப்பால் தோலைச் சேர்ந்த செல்கள் ஆக்கிய புரதம் என்பதே இக்கட்டுரையின் வாதம். வளர்ப்பு மனையின் வேலைகளும் பெருமளவு அந்தத் தோலின் கணக்கை ஒட்டியே நடக்கின்றன.

2. ஒற்றை அடுக்கு

மனிதத் தோலின் வெளியடுக்கில் செல்கள் அடியிலிருந்து மேலேறி, கெரட்டினை நிரப்பிக்கொண்டு, உட்கருவை இழந்து, செதிலாக உதிர்கின்றன. பட்டுப்புழுவின் புறத்தோலில் இருப்பது ஒரே ஒரு செல் அடுக்கு. அது கைட்டினையும் புரதங்களையும் வெளியே சுரந்து கியூட்டிகிள் என்னும் உறையைக் கட்டுகிறது. உரிந்து விழுவது இந்த உறை மட்டுமே. செல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புழுவின் வெண்மையும் இவற்றின் உபயம்தான். யூரிக் அமிலத் துகள்கள் செல்களுக்குள் சேர்ந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. அவை சேராத திரிபு இனங்களில் தோல் எண்ணெய்த் தாள்போல ஊடுருவித் தெரியும்.

3. தோலுரிப்பு

3.1 புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. மூளை ஹார்மோன் தூண்ட, முன்மார்புச் சுரப்பி எக்டைசோனை விடுகிறது. புடெனாண்ட்டும் கார்ல்சனும் 1954இல் இதைப் படிகமாகப் பிரித்தார்கள். 500 கிலோ கூட்டுப்புழுவிலிருந்து தேறியது 25 மில்லிகிராம். எக்டைசோன் ஏறியதும் புறத்தோல் செல்கள் பழைய உறையை விட்டு விலகுகின்றன. பிறகு பழையதைச் செரிக்கும் நொதிகளையும் புதியதற்கான புரதங்களையும் ஒரே இடைவெளியில் விடுகின்றன. புது உறை நொதிகளுக்கு இரையாகாமல் தப்புவது, அதன் மேற்படலம் முதலிலேயே போடப்படுவதால். ஹார்மோன் இறங்கினால்தான் பழைய உறை கழலும்.

3.2 புழு தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும் அந்த ஒரு நாளில் தழை போடுவதில்லை. சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர்த்துகிறார்கள். ஏறக்குறைய எல்லாப் புழுவும் உரித்து முடித்த பிறகே மறுபடி தழை. முந்திய புழுக்கள் பசியோடு இருக்கிறதே என்று இரக்கப்பட்டு முன்கூட்டியே போட்டால், படுக்கை ஈரமாகிப் பிந்தியவை உரிக்கத் திணறும். கூடு கட்டும் நாள்வரை புழுக்கள் ஒன்றுபோல் வராது.

4. புழுத் தோலா, கூட்டுப்புழுத் தோலா

இளம்பருவ ஹார்மோன் உடலில் இருக்கும்வரை, எக்டைசோன் எத்தனை முறை வந்தாலும் செல்கள் புழுவின் உறையையே கட்டும். 'பிராட்' என்ற மரபணு அதுவரை அடக்கிவைக்கப்படுகிறது. ஐந்தாம் பருவத்தில் அந்த ஹார்மோன் வீழ்ந்ததும் 'பிராட்' விழித்து, அதே செல்களைக் கூட்டுப்புழுவுக்கு உரிய புரதங்களுக்கு மாற்றுகிறது. இந்த ஹார்மோனைப்போல் செயல்படும் பூச்சிமருந்து பக்கத்து வயலிலிருந்து தழையில் படிந்தால், புழு தின்று பருத்துக்கொண்டே போகும், கூடு கட்டாது.

5. பட்டுச் சுரப்பி

கருவில் உதட்டுக் கண்டத்தின் புறப்படை உள்ளே மடிந்து உருவானது பட்டுச் சுரப்பி. அதன் முன்பகுதிக் குழாய்க்கு இன்றும் கியூட்டிகிள் உள்பூச்சு உண்டு. பிறப்பை மறைக்க முடியவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்தபின் இச்செல்கள் பிளப்பதில்லை. உட்கருவின் டி.என்.ஏ. மட்டும் லட்சக்கணக்கான மடங்கு பெருகி, செல் பூதாகாரமாகிறது. பின்பகுதி ஃபைப்ராயினையும் நடுப்பகுதி செரிசின் பசையையும் ஆக்குகின்றன.

1972இல் சுசுகியும் பிரவுனும் ஃபைப்ராயினின் தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு மரபணுத் தொகுதிக்கு ஃபைப்ராயின் மரபணு ஒன்றே என்பது அக்காலத்து ஆய்வுகளில் தெரியவந்தது. அந்த ஒன்றே இடைவிடாமல் படியெடுக்கப்படுகிறது. அதன் பெருஞ்சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள். ஏறத்தாழப் பாதி கிளைசின், அடுத்து அலனின். இவ்விரண்டையும் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ.க்களும் இச்செல்களில் அதே கணக்கில் மிகுந்திருக்கும். ஒரே சரக்கைச் செய்யும் பட்டறைக்கு ஏற்ற இருப்பு. கடைசிப் பருவத்தில் தழை குறைந்தால் கூட்டு ஓடு மெலிவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

6. பால்புழு நோய்

இந்நோயின் வைரஸ் புறத்தோல் செல்களின் உட்கருவிலும் பெருகி, பன்முகப் படிகங்களால் அதை நிரப்புகிறது. அதனிடம் எக்டைசோனோடு சர்க்கரையை ஒட்டி முடக்கும் நொதி ஒன்று உண்டு. அதனால் புழு உரிக்காமல் நிற்கிறது. கண்டங்கள் வீங்கி, தோல் பளபளத்து, தட்டின் விளிம்பில் ஓயாமல் அலைகிறது. அந்த நிலையில் தோல் லேசாக உரசினாலே கிழிந்து பால்போன்ற நீர் தழையில் சிந்தும். அதில் அத்தனையும் வைரஸ் படிகங்கள். எனவே விளிம்பில் அலையும் புழுவைத் தோல் கிழியுமுன் பொறுக்கி அழித்துவிட வேண்டும்.